விளக்குக்கும் சேர்த்து விட்ட இடைவெளி

நோர்வூட் பஜாரில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற சுதர்ஷினியிடம் போய், "காற்றில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்கள் பொகவந்தலாவை பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும். கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு, ஒரு பழைய மடிக்கணினியைத் திறந்து, பெருவிரல் அளவு கருவி ஒன்றை அதில் செருகி, "இங்க வாங்க, பாருங்க, பாருங்க!" என்று உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். முப்பத்தைந்தைத் தொடப்போகிற பெண், திருவிழாவில் தேர் பார்க்கிற பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனாலும் அவளுக்கு அது அலுத்ததே இல்லை.

பிறந்தது கல்லுமலைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்கிற மேல் பிரிவில், கடைசி லயத்தின் கடைசிக் காம்பராவில். அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஆலையில், தேயிலை அரைக்கிற இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர். அம்மா கொழுந்தெடுக்கிறவள். லயம் என்றால் தெரியுமல்லவா? ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரும் கூரை வரை எட்டாது. இந்தக் காம்பராவில் பிள்ளை தும்மினால் அடுத்த காம்பராவில் இருந்து "நூறு" என்று குரல் வரும். அந்தச் சத்தத்துக்குள்தான் சுதர்ஷினி படித்தாள். ஹட்டனுக்குப் போய் உயர்தரம் வரை படித்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளைப் போலக் கொழும்புக்கு, ஆடைத் தொழிற்சாலைக்கு. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வெறுத்துப்போய், புறக்கோட்டையில் ஒரு கைபேசிக் கடையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். துடைத்துக்கொண்டே பார்த்தாள். பார்த்துக்கொண்டே கழற்றினாள். கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் செய்தாள், கடைக்காரர் அசந்துபோனார்.

ஊர் திரும்பி நோர்வூட்டில் கடை திறந்தபோது, "பொம்பளப் புள்ளகிட்ட போனக் குடுத்தா உருப்படுமா?" என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது அவள் கடை வாசலில்தான் வரிசையில் நிற்கிறார்கள். அதை விடுங்கள். சொல்ல வந்த கதை வேறு.

கொஞ்ச காலத்துக்கு முன் பெய்த ஒரு பெருமழையில், அவள் பிறந்த லயத்துக்கு மேலே இருக்கிற தேயிலை மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. கால் உள்ளே போகிற அளவு வெடிப்பு. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், இந்த லயத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். நல்லது, எங்கே போவது? இடம் வரும் என்றார்கள், வீடு வரும் என்றார்கள். வந்தது அடுத்த மழைதான். அந்த லயத்தில் சுதர்ஷினியின் அண்ணன் மனைவி சண்முகவடிவு இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அண்ணன் கஜேந்திரன் கொழும்பில் ஹோட்டல் வேலை. வானம் கறுத்தால் போதும், நோர்வூட் கடையில் இருந்து சுதர்ஷினி மதினிக்குப் போன் போடுவாள். மதினியைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். "தோட்டத்துப் பதிவுல பேரு விட்டுப்போச்சுன்னா வீடும் போயிரும், வேலையும் போயிரும். அப்புறம் ஒங்கண்ணன் என்னைய வச்சுச் சமாளிப்பாரா?" என்று சண்முகவடிவு சிரித்தாள். சிரித்தாலும் அவள் சொன்னது சரிதான்.

அந்த நேரத்தில்தான் சிவரூபன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தொழில்நுட்ப விரிவுரையாளர். ஹட்டனில் சனி, ஞாயிறு வகுப்பு எடுத்தபோது சுதர்ஷினி அவரிடம் படித்திருந்தாள். மலை நகர்கிறதா என்று காவல் இருக்கிற சின்னப் பெட்டிகளை அவர் செய்திருந்தார். ஒரு கம்பம், அதன் உச்சியில் பெட்டி, பெட்டியில் இருந்து மண்ணுக்குள் இறங்குகிற ஒரு கம்பி. மண் எவ்வளவு ஊறியிருக்கிறது, கம்பி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அந்தப் பெட்டி அறிந்து, வயரே இல்லாமல் காற்றில் சொல்லும். ஆறு பெட்டி வைத்தால் அந்தச் சரிவு முழுவதற்கும் காவல் என்றார் சிவரூபன். கொழுந்துக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா எதிர்மேட்டில் இருக்கிறது; அங்கே பெட்டிகளின் பேச்சைக் கேட்கிற ஒரு வாங்கியும் சைரனும் வைப்பது. மலை அசைந்தால் சைரன் ஊதும். எந்தப் பெட்டியாவது கால் மணி நேரம் பேசாமல் இருந்தாலும் ஊதும், ஏனென்றால் பெட்டி பேசவில்லை என்றால் அது மண்ணோடு போயிருக்கவும் கூடும்.

"ஆறு பெட்டிக்கும் ஆறு அலைவரிசை வேணும், பிள்ளை. ஒண்டின்ர கதைக்குள்ள மற்றது வந்து விழக்கூடாது. எவ்வளவு இடைவெளி விடுறது எண்டு நீரே பாத்து முடிவெடும். இந்த மலை உமக்குத்தானே தெரியும்" என்றார் அவர்.

காற்றில் எந்த அலைவரிசையில் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பதற்காக அவர் கொடுத்ததுதான் அந்தப் பெருவிரல் கருவி.

அதைச் செருகிய நாளைச் சுதர்ஷினி சாகும்வரை மறக்கமாட்டாள். திரையில் கரிய நீலம். அதில் மேலிருந்து கீழாக மஞ்சள் கோடுகள் ஒழுகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு குரல். சின்னக் கருவிகளுக்கு என்று ஒதுக்கிவைத்த நானூற்று முப்பத்துமூன்று மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் அத்தனை! துரை பங்களாவின் வாசல்கதவைத் திறக்கிற ரிமோட் ஒரு இடத்தில் பளிச்சென்று வெட்டியது. எங்கேயோ யாரோ வீட்டுக் கூரையில் ஒரு மழைமானி தனக்குத்தானே முணுமுணுத்தது. ரோட்டில் ஒரு புது வேன் வளைவு திரும்பியபோது திரையில் பொட்டுப் பொட்டாகச் சில புள்ளிகள் விழுந்தன. என்ன என்று தேடிப் பார்த்தால், அந்த வேனின் டயர்கள், ஒவ்வொரு டயரும் தனக்குள் எவ்வளவு காற்று இருக்கிறதென்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டு போகின்றன!

"அம்மாடி! இவ்வளவு பேரும் இங்கதான் இருந்தாங்களா சேர்?" என்று போனில் கத்தினாள்.

"எப்பவும் இருந்தவையள்தான். எங்களுக்குத்தான் கண் இல்லை" என்று அவர் சிரித்தார்.

அன்று முழுவதும் வாடிக்கையாளர்கள் வந்து நின்று திட்டிவிட்டுப் போனார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. இத்தனை காலமும் இந்தச் சத்தங்களின் நடுவில்தான் நடந்திருக்கிறோம், சமைத்திருக்கிறோம், அம்மாவைப் புதைத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ஆச்சரியம் வேறு, வேலை வேறு. ஆறு பெட்டிக்கும் காற்றில் இடம் பார்க்க வேண்டும். பங்களா ரிமோட் பக்கம் போகக் கூடாது, டயர்கள் பேசுகிற பக்கமும் ஆகாது. தேடித் தேடி ஒரு ஓரத்தில் சத்தமில்லாத ஒரு துண்டு கண்டுபிடித்தாள். சின்னத் துண்டுதான். பரவாயில்லை என்று ஆறு பெட்டியையும் அதற்குள்ளேயே நெருக்கி நெருக்கி வைத்தாள். கடையில் ஆறையும் மேசையில் அடுக்கி ஓடவிட்டுப் பார்த்தாள். திரையில் ஆறு கோடு, ஒன்றை ஒன்று தொடாமல், கச்சிதமாக இறங்கின.

அவள் அனுப்பிய படத்தைப் பார்த்த சிவரூபன், "கொஞ்சம் கிட்டக் கிட்டக் கிடக்கே?" என்று இழுத்தார்.

"ஒன்னோட ஒன்னு ஒட்டவே இல்லீங்க சேர். ஊசி போற எடம் இருந்தாப் போதும்" என்றாள் சுதர்ஷினி. அவரும் சரி என்றுவிட்டார்.

பெட்டிகள் மலை ஏறின. நாலாம் பெட்டி வெடிப்புக்கு நேர் மேலே, ஒரு பெரிய கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பெட்டி. அஞ்சாவது அதற்கும் தூரத்தில், குரல் கொஞ்சம் மெலிந்த பெட்டி. தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் மாலை போட்டுச் சைரனைத் தொடக்கிவைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

முதல் சைரன் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம் ஊதியது. ஐயோ, அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டு, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வயசாளிகளை முதுகில் தூக்கிக்கொண்டு எதிர்மேட்டுக்கு ஏறி, தூறலில் நனைந்துகொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார்கள். மலை ஒன்றுமே செய்யவில்லை. வீடு திரும்பினால் குழம்பு கரி. சுதர்ஷினி மறுநாள் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து திரையில் எல்லாவற்றையும் சோதித்தாள். ஆறு பெட்டியும் நல்ல பிள்ளைகளாகப் பேசிக்கொண்டிருந்தன. பதிவில் மட்டும், முந்தின நாள் சைரனுக்குக் கால் மணி நேரம் முன்பிருந்து நாலும் அஞ்சும் ஒரேயடியாக மௌனமாகியிருந்தன. பிறகு தானாகவே பேச்சு வந்திருந்தது.

அடுத்த வெள்ளியும் ஊதியது. அதற்கடுத்த வெள்ளியும் ஊதியது. அவள் வாங்கியின் பற்றரியை மாற்றினாள், அன்ரெனாவை மாற்றினாள், வாங்கியையே வேறு மூலைக்கு மாற்றினாள். பகலில் திரையில் பார்த்தால் ஆறும் சரி, அதனால் மலை ஏறிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. வெள்ளி வந்தால் ஊளை. ஆண்டியப்பன் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒன்னய நம்பித்தான் சரின்னேன். ஊரே என்னயப் பாத்துச் சிரிக்குது. இன்னும் ஒரே ஒரு வாட்டி பொய்யா ஊதட்டும், அம்புட்டையும் புடுங்கி ஆத்துல வீசிருவேன். பாத்துக்க!"

அவருடைய கோபத்தைக்கூடத் தாங்கிவிடலாம். சுதர்ஷினியால் தாங்க முடியாதது வேறு ஒன்று. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கடையைப் பூட்டிவிட்டு, மடிக்கணினியோடு வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைக் காம்பராவில் போய் உட்கார்ந்திருந்தாள். சைரன் ஊதியது. எதிரே லயத்தைப் பார்த்தாள். ஒருவரும் ஓடவில்லை. அது மட்டுமா? வாசலுக்கு வந்த பெண்கள் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஓடச் சொல்கிற சத்தத்துக்கு ஊர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது! நாளைக்கே மலை உண்மையாக இறங்கினால் இவர்கள் இப்படித்தானே நிற்பார்கள், மதினியும் பிள்ளைகளும் இப்படித்தானே நிற்பார்கள்!

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

நாலாம் கோடு நகர்ந்திருந்தது. நகர்ந்துகொண்டும் இருந்தது! ஓசை படாமல், நத்தை ஊர்கிற மாதிரி, தன் இடத்தை விட்டு விலகி அஞ்சாம் கோட்டின் மேலேயே போய் ஏறிக்கொண்டிருந்தது. வாங்கி நாலைத் தேடுகிற இடத்தில் நாலு இல்லை. அஞ்சைத் தேடுகிற இடத்தில் நாலின் பெருங்குரலுக்குள் அஞ்சின் சின்னக் குரல் மூழ்கிக் கிடந்தது. இரண்டும் ஊமை. அதனால்தான் சைரன்.

பெட்டி ஏன் தன் குரலை மாற்றுகிறது? சைரனை நிறுத்திவிட்டு மலை ஏறினாள். மூச்சு வாங்க நாலாம் பெட்டியை அடைந்தபோது, அங்கே கல்லுக்குப் பக்கத்தில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள்.

கம்பத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது. பெட்டியின் நெற்றியில் குங்குமம். உச்சியில் செவ்வந்தி மாலை. பெட்டிக்கு அடியிலே கல்லடுக்கி மேடு கட்டி, காற்றில் அணையாமல் இருக்க மூன்று பக்கமும் தகரம் சுற்றி, உள்ளே நல்லெண்ணெய் விளக்கு ஒன்று, பெரிய அகல், திரி குண்டாக எரிந்துகொண்டிருந்தது. ஸ்டோரில் சுழல்கிற ரோதைச் சக்கரத்துக்கு ரோதமுனி, செடியைக் குறைத்துக் கவ்வாத்து வெட்டுகிற மலைக்குக் கவ்வாத்துச்சாமி என்று வேலை நடக்கிற இடமெல்லாம் சாமி வைத்துக் கும்பிட்ட சனம் அது. மலையைக் காக்கிற பெட்டியைச் சும்மா விடுமா?

"தொடாதீங்கன்னு போட்டிருந்துச்சு. நாங்க தொடலடி. பூ மட்டுந்தான் வச்சோம்" என்றாள் சண்முகவடிவு, திருட்டு முழி முழித்துக்கொண்டு. "ஏசாத சுதா. பனியிலயும் மழையிலயும் எங்களுக்காகத் தனியா நிக்குது. வெள்ளிக்கெழமைக்கு ஒரு வெளக்கு வைக்கக்கூடாதா? நாங்க வெளக்கு வச்சிட்டு எறங்குனா, கொஞ்ச நேரத்துல அது கொரல் குடுக்குது தெரியுமா! எங்க வெளக்கு அதுக்குப் புடிச்சிருக்கு."

சுதர்ஷினி பெட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். சுரீர் என்றது. அடுத்த கணமே எல்லாம் விளங்கிவிட்டது.

பெட்டிக்குள் குரலின் சுருதியைப் பிடித்து வைத்திருப்பது அரிசி மணி அளவு ஒரு கிறிஸ்டல். சூடு ஏறினால் அதன் துடிப்பு ஒரு துளி மாறும். லட்சத்தில் இரண்டு, மூன்று பங்கு, அவ்வளவுதான். அந்த ஒரு துளி மாற்றத்தில் குரல் பக்கத்து இடத்தில் போய் விழுந்துவிட்டது, ஏனென்றால் அவள் விட்ட இடைவெளி அத்தனை குறுகல். மறுநாள் அவள் வந்து பார்க்கும்போது விளக்கு அணைந்து, தகரம் குளிர்ந்து, பெட்டி தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். கடையில் மேசை மேல் ஆறும் ஒரே சூட்டில் இருந்ததால் ஆறும் ஒழுங்காக இருந்தன. மலையில் ஒன்று விளக்கோடு, மற்றது பனியோடு. "லயத்துல பொறந்தவ புத்தி லயம் மாதிரியேதான் கட்டியிருக்கு! ஒரு சொவரத் தவிர எடமே விடல" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்றும் வந்தது. ஒரு அகல் விளக்கின் வெப்பம் காற்றில் ஒரு கோட்டை நகர்த்துகிறதே, அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டோமே என்று மலைத்துப்போய் அந்தக் கல்லிலேயே மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாடி, பேயறைஞ்சாப்புல ஒக்காந்துட்ட?"

"மதினி, ஒங்க வெளக்குதான் அத அந்தப் பக்கம் நகத்துது. அது கொரல் குடுக்கல, பாவம், தடுமாறுது. அதனாலதான் சைரன் ஊதுது."

சண்முகவடிவின் முகம் வாடிப்போய்விட்டது. விளக்கையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அணைச்சிரவா?" என்று கேட்டாள்.

சுதர்ஷினி இறங்கிவந்து சிவரூபனை அழைத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிரச்சினை முடிஞ்சுதே! விளக்கு வைக்க வேண்டாமெண்டு சொல்லிவிடும்" என்றார். யார்தான் வேறு சொல்வார்கள்?

"சொன்னா கேப்பாங்க சேர். வெயில் காலத்துல கேப்பாங்க. ஆனா அடைமழை புடிச்சு, பயம் வந்துச்சுன்னா? அப்போ யாரு சொன்னாலும் கேக்கமாட்டாங்க. ஒரு வெளக்கு வைக்கிற எடத்துல பத்து வெளக்கு வைப்பாங்க. நானே வைப்பேன் சேர்! நமக்குப் பெட்டி பேச வேண்டிய நேரமே அதுதான். அன்னைக்குப் பாத்து அது ஊமையாப் போச்சுன்னா?"

சிவரூபன் மெதுவாகச் சொன்னார்: "நான் இதை யோசிக்கேல்லை, பிள்ளை. அப்ப விளக்கையும் சேர்த்து இடைவெளி விடும்."

எவ்வளவு இடைவெளி? அதுதான் கேள்வி. சுதர்ஷினி ஆறு பெட்டிகளையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தாள். பக்கத்துக் கடை கிஷாந்திடம் கெஞ்சிக் கூத்தாடி, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஒரு இடம் வாங்கினாள். ஒரு பெட்டி ஐஸ்கிறீமோடு படுத்தது, நுவரெலியாவில் உறைபனி விழுகிற விடியற்காலைக்குச் சமமாக. இன்னொரு பெட்டியின் கீழே அகல் ஏற்றினாள். ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரு வட்டமாகப் பல. கடை முழுவதும் நல்லெண்ணெய் வாசம். வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர், "தங்கச்சி, போனுக்குப் பூசையா?" என்று கேட்டார். "ஆமாங்கண்ணே, ஒங்க போனுக்கும் வைக்கவா?" என்றாள். திரையில் குளிர்ந்த கோடு ஒரு பக்கம் ஒதுங்கியது, சுட்ட கோடு மறுபக்கம் ஒதுங்கியது. கடைசியாக எது வரை போய் நிற்கிறது என்று பார்த்து, அதற்கும் மேலே இன்னும் ஒரு மடங்கு விட்டாள்.

இப்போது அந்தச் சின்ன அமைதித் துண்டு போதவில்லை. அந்த அலைப்பட்டை முழுவதிலும் ஆறையும் பரத்த வேண்டியிருந்தது. பங்களா ரிமோட்டின் இடத்தைத் தாண்டிக் குதித்து, டயர்கள் பேசுகிற இடத்தைச் சுற்றிப் போய், ஒவ்வொன்றுக்கும் தனி வீடு, வீட்டைச் சுற்றித் தனித் தோட்டம் என்று கொடுத்தாள். நாலாம் பெட்டிக்கு மட்டும் இரண்டு பக்கமும் எல்லாவற்றையும்விடப் பெரிய வெளி. வாங்கி கேட்கிற அகலத்தையும் கூட்டினாள், குரல் தன் வளவுக்குள் எங்கே நின்று பேசினாலும் காதில் விழும்படி.

ஆண்டியப்பன் மறுபடி பெட்டிகளை ஏற்ற விடவில்லை. சண்முகவடிவுதான் லயத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றாள். "தலைவரே, தப்பு எங்க வெளக்குல. அவளக் கொற சொல்லாதீங்க. இனிமே அது சும்மா ஊதாது. ஊதுனா நாங்க கும்புடவும் மாட்டோம், ஓடுவோம்." தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். அடுத்த வெள்ளி விளக்கு எரிந்தது, சைரன் ஊதவில்லை. "சாமி பேசலையே" என்று சிலருக்கு வருத்தம். "பேசாம இருக்கிறதுதான்டி வரம்" என்று சண்முகவடிவு அவர்களை அதட்டி வைத்தாள்.

பிறகு வந்தது அந்த மழை.

மழையா அது! நாட்கணக்கில் வானம் கிழிந்து ஊற்றியது. கொழுந்து வேலை நின்றது. பொகவந்தலாவை ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றது. எல்லாரும் காம்பராக்களுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். சுதர்ஷினி மழைக்கோட்டும் மடிக்கணினியுமாகப் பிள்ளைக் காம்பராவிலேயே வந்து தங்கிவிட்டாள். ஒரு நாள் முற்பகல், மழைத் திரைக்கு ஊடாக எதிர் மலையில் மினுக் மினுக் என்று வெளிச்சம் தெரிந்தது. படங்குச் சீட்டைக் கூரையாகக் கட்டி, லயத்துப் பெண்கள் எல்லாரும் நாலாம் பெட்டியைச் சுற்றி விளக்கு ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒன்று என்று ஏற்றியிருந்தார்கள். அவள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

திரையில் நாலாம் கோடு நகரத் தொடங்கியது. ஊர்ந்தது. முன்பு அஞ்சாவது இருந்த தூரத்தையும் தாண்டியது. சுதர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு, "போ, போ, இன்னும் எடம் இருக்கு, எங்க வேணும்னாலும் நின்னுக்க, பேச்ச மட்டும் நிறுத்தாத" என்று திரையோடு பேசினாள். கோடு போய்க்கொண்டே இருந்தது. அவள் விட்ட வெளியின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் தயங்கி நின்றது. குரல் தெளிவாக வந்தது. அந்தக் குரலுக்குள் இருந்த எண்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கம்பி சாய்கிறது. இன்னும் சாய்கிறது. மலை நடக்கிறது!

சைரன் தானாகவே ஊதியது.

லயத்தின் கதவுகள் திறந்தன. பெண்கள் வெளியே வந்தார்கள். ஒரு கணம், ஐயோ, அந்த ஒரு கணம், பழைய பழக்கத்தில் சில கைகள் குவிந்தே விட்டன. சுதர்ஷினி வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். மழையில் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் நடு லயத்தில் இருந்து ஒரு குரல் எழும்பியது. சண்முகவடிவு! ஒரு பிள்ளை தோளில், ஒரு பிள்ளை கையில்.

"கும்புட்டது போதும், ஓடுங்கடி!"

ஓடினார்கள். ஆண்டியப்பன் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கி மேடேறினார். கடைசி ஆள் எதிர்மேட்டில் கால் வைத்து மூச்சு வாங்குகிற நேரம், மலை பெருமூச்சு விட்டது. இடி மாதிரி இல்லை. யாரோ மிகப் பெரிய ஒருவர் படுக்கையில் புரண்டு படுக்கிற சத்தம். தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே வரிசை கலையாமல் கீழே வந்தன. பெரிய கல் வந்தது. விளக்குகள் வந்தன. லயத்தின் கடைசிக் காம்பரா மெதுவாக மடங்கியது, பிறகு அதற்கு அடுத்தது, பிறகு அதற்கும் அடுத்தது. சுதர்ஷினி பிறந்த வீடு அவள் கண் முன்னால் இல்லாமல் போனது. யாரும் அழவில்லை. அழ முதலில் நம்ப வேண்டுமே. பெண்கள் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆண்டியப்பன் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்டார். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

சுதர்ஷினி திரும்பித் திரையைப் பார்த்தாள். நாலாம் கோடு இன்னும் இருந்தது.

மங்கலாக, நூல் மாதிரி, ஆனால் இருந்தது. அத்தனை மண்ணுக்கும் அடியில் எங்கோ கிடந்துகொண்டு, விளக்குகள் அணைந்து, சேற்றில் சூடு ஆறி ஆறி, அந்தக் கோடு அவள் கொடுத்த இடத்தை நோக்கி மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சண்முகவடிவு நனைந்த சேலையோடு பக்கத்தில் வந்து நின்றாள். "அது எங்கடி?"

சுதர்ஷினி வெளியே சேற்றைக் காட்டினாள்.

"இன்னும் பேசுதா?"

"பேசுது மதினி."

"எல்லாரும் வந்துட்டோம்னு அதுக்குச் சொல்லேன்."

"அதுக்குக் காது கெடையாது மதினி. பேச மட்டுந்தான் தெரியும்."

சண்முகவடிவு அந்த மெல்லிய கோட்டைப் பார்த்தாள். பிறகு மழைக்குள் இறங்கி, மேட்டின் விளிம்பு வரை போய், இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு சேற்றைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"எல்லாரும் வந்துட்டோம்!"